ஐவியின் மூலை

விதைகள் முளைத்துவிட்டதால், பசுமைக்குடிலின் நாற்றங்காலுக்கு அடியில் ஓடும் சூட்டுக் கம்பியை டெல்ஃபா அணைத்துவிட்டாள். வெளியே வெர்மான்ட்டின் மார்ச் பனி. மண் சில்லிட்டுப் போனது. ஒரு மூலையில் மட்டும் வெப்பமானி நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்த மகள் ஐவி தக்காளி விதைக்கும் மூலை அது. இந்த வருஷம் அங்கே யாரும் விதைக்கவில்லை.

"கம்பி எங்கயாவது மடிஞ்சு கிடக்கும்," என்றான் கணவன் ஆரின்.

"பிளக்கையே புடுங்கிட்டேன், ஆரின்."

"அப்ப மீட்டர் போச்சு. உனக்கு வேற வேலையில்ல."

மறுநாள் நூற்று மூன்று. ஆரின் நாற்றுகளையும் பார்க்காமல் கம்பியை உருவி வெளியே எறிந்தான். சாயங்காலம் நூற்று நான்கு.

அவன் வீட்டுக்குப் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தான். நாலாக மடித்து மண்மேல் போட்டான்.

"தொட்டுப் பாரு," என்றான். "கொஞ்சம் குறையுதா?"