இடுப்பின் சத்தம்

முத்துப்பேச்சி கபடி பாடிப் போய்க் காலை வீசித் திரும்பினால் போதும், இடுப்பு ‘டொக்’கென்று சொடக்குப் போடும். பெரிதாக வலி ஒன்றும் கிடையாது. எலும்பின்மேல் தசைநார் ஏறி இறங்குகிற சத்தம் என்றார் பிசியோதெரபிஸ்ட். அந்தச் சனியன், அவள் ஓடப்போகிறாள் என்று எதிரணிக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூன்று ஆட்டங்களில் அப்படித்தான் கணுக்காலைப் பிடித்து அமுக்கினார்கள்.

“அந்தச் சத்தத்த நிப்பாட்டிட்டு வந்து ஆடு” என்றார் செல்லத்துரை மாஸ்டர்.

மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி, ஆறு வாரம் ஆடுகளத்துக்கு வெளியே பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இறக்கினாள். காலைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஆனால் சத்தம் செத்துவிட்டது.

இறுதி ஆட்டத்தில் கடைசி ரைடு அவளுக்கு. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. மூலையில் நின்றவளின் தோளைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். நான்கு பேர் மேலே விழுந்தார்கள்.

“ஏட்டி, நடுக்கோடு ரெண்டடியில கெடக்கு. ஓடாம எதுக்குட்டி நின்ன?” மாஸ்டர் துண்டை உதறித் தரையில் அடித்தார்.

வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, அவரைவிட எரிச்சலாக அவள் சொன்னாள்: “இன்னும் சத்தம் வரலையே, மாஸ்டர்!”