மறுப்புக்கான காரணம்

ஒரகடத்தில் எங்கள் வங்கிக்கும் வேறு நான்கு வங்கிகளுக்கும் ஒரே பொதுப் பேரேடு. ஒரு தொகை நகர, வங்கிக்கு ஒருவராக ஐந்து அதிகாரிகளும் கைரேகை வைக்க வேண்டும். மறுப்பவர் காரணம் எழுத வேண்டும்.

தண்டலம் வங்கியில் அந்த அதிகாரி என் மனைவி மதிவதனி. ஐப்பசியில் வல்லக்கோட்டைத் திருப்பத்தில் இறந்தாள். வண்டியை ஓட்டியது நான்.

இன்று காலை அவளுடைய காப்பீட்டுத் தொகை எனக்காகப் பேரேட்டில் ஏறியது. நான்கு ஒப்புதல், ஒரு மறுப்பு.

“சார், இது மேடம் ரேகை. அவங்க இறந்தப்பவே சிஸ்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்களே,” என்றான் பக்கத்து மேசை ஹேமந்த்.

“காரணம்?”

“பணம் வாங்குறவரை விசாரிக்கணுமாம்.”

“மெஷின் கோளாறா இருக்கும்.”

“அஞ்சு பேங்க்லயும் இதேதான் கீது சார்.”

ஹேமந்த் வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே போனில் பேசினான்.