ஒரு மூட்டைக் கிழங்கு

இருந்தது ஒரே ஒரு வேலை. கானாவின் தலைநகர் அக்ராவில் ஓர் அலுவலக வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். செலோர்முக்கு மட்டும் துளியும் கவலையில்லை. ஒரு மூட்டை யாம் கிழங்கு கொடுத்து எம்.பி.யிடம் வாங்கிய சிபாரிசுக் கடிதம் அவன் பையில் இருந்தது.

வரவேற்பில் இருந்த எஃபுவா அதை வாங்கி, நிரம்பி வழிந்த மேஜை டிராயருக்குள் திணித்தாள். "இதோட முப்பத்தொன்பது. எல்லாத்துலயும் அதே எம்.பி. கையெழுத்துதான். நீயும் கிழங்குதானே குடுத்தே?"

அவன் முகம் சுண்டிப்போனது. "கடிதம் கொண்டுவராத அந்த ஒருத்தர் யாரு அக்கா?"

"அதோ, நீலச் சட்டை. வேலை அவருக்குத்தான்."

"பரவாயில்லையே! திறமைக்கு இன்னும் மதிப்பிருக்கு!"

எஃபுவா சிரித்தாள். "அட போப்பா! அவரு எம்.பி.யோட மகன். பெத்த பிள்ளைகிட்ட யாராவது கிழங்கு வாங்குவாங்களா?"