முகர்ந்து பார்க்கக் கூடாத பெட்டி

இன்ஸ்பெக்டர் கதிரவேலுவின் மூக்கு யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பிரசித்தம். கஞ்சா பிடிக்க மற்ற இடங்களில் நாய் வைத்திருப்பார்கள். கொழும்பு வீதிச் சோதனைச் சாவடியில் இவரை வைத்திருந்தார்கள். மூக்கில் பிடித்துப் பார்க்காமல் எதையும் அவர் விட்டதில்லை. நீர்வேலி கோபிசங்கரின் லொறியில் போகும் வாழைக்குலைகளைக்கூட ஒவ்வொன்றாக முகர்ந்த பிறகுதான் அனுப்புவார்.

"சேர், இனி உந்தக் குலையளை ஆர் வாங்குவினம்?" என்று அவன் அழாக்குறையாகக் கேட்டதுண்டு.

ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம். கடலால் வந்து எங்கேயோ பதுங்கிக் கிடக்கும் பெரிய கஞ்சாச் சுமையைப் பிடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று இன்ஸ்பெக்டர் சபதம் செய்திருந்தார். அந்தச் சபதம் நிறைவேறக் கூடாது என்று அவர் மனைவி நல்லூரானுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலை பெயர் சொல்லாத ஒருவன் அவருக்கு ரெலிபோன் எடுத்தான்.

"நல்லூர் கூரியர் கந்தோருக்குப் போங்கோ சேர். கிருமிப் பெட்டியெண்டு ஒண்டு வரும். பயத்திலை ஒருத்தரும் திறக்கமாட்டினம் தானே?"

இன்ஸ்பெக்டர் இரண்டு கொன்ஸ்தாபிள்களையும் கூட்டிக்கொண்டு பறந்தார்.

பெட்டியைக் கொண்டுவந்தவள் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் றொசாந்தி. பெட்டியில் தொற்று அபாய முத்திரை, பொருளின் இலக்கம், அனுப்புபவர் பெயர், பொறுப்பானவரின் ரெலிபோன் நம்பர், எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி எல்லாம் இருந்தன. கலியாண அழைப்பிதழில்கூட இவ்வளவு விபரம் இருக்காது.

"உதைத் திறவும் பிள்ளை."

"ஏலாது சேர். செத்த வௌவாலிலை சோதனைக்கெண்டு எடுத்த மாதிரி. ஏ வகை."

"அதென்ன ஏ வகை?"

"பி வகையெண்டால் வருத்தம் வந்து மாறும். ஏ வகையெண்டால் வருத்தம் ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போகும்."

"கஞ்சாவிலையும் ஏ வகை இருக்கு. எனக்குச் சொல்லித் தரவேண்டாம்."

றொசாந்தியின் கண்கள் கலங்கின. "ஐஸ் கரையமுந்திக் கொழும்புக்குப் போகவேணும் சேர். திறந்தால் என்ரை வேலை போயிடும்."

இன்ஸ்பெக்டர் மசியவில்லை. அவள் பெருமூச்சு விட்டு, கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். அவருக்கும் ஒரு முகக்கவசம் நீட்டினாள். மூக்கை மூடிக்கொண்டு அவர் எப்படி வழக்குப் பிடிப்பார்? வேண்டாம் என்றுவிட்டார்.

முதலில் வெளிப்பெட்டி. உள்ளே ஐஸுக்கு மேல் ஒரு விபரக் கடிதம் இருந்தது. "அதையாவது வாசியுங்கோ சேர்" என்றாள் றொசாந்தி. குற்றவாளி எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு எந்தப் பொலிஸ்காரன் பதவி உயர்ந்திருக்கிறான்? அதைத் தூக்கி ஒரு பக்கம் போட்டார். அடுத்தது இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பேணி. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் கொஞ்சம் திரவம்.

இந்தக் குழாய்க்குள் கஞ்சா கடத்த ஒருவனும் வரமாட்டான் என்று கூரியர் கிளார்க் டினேசுக்கே விளங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் அவனைவிடப் படித்தவர்.

"கஞ்சா எண்ணெய்!" என்றார். மூடியைத் திருகி, குழாயை மூக்கில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார். மணமே இல்லை. சந்தேகம் தீர இன்னொரு தடவை இழுத்தார்.

"ஐயோ சேர், மூச்சை இழுக்காதேங்கோ!" என்று றொசாந்தி போட்ட கூச்சலில் குழாய் கை நழுவி விழுந்து உடைந்தது.

அப்போதும் அந்தப் பிள்ளை பதறவில்லை. விதிமுறையில் சொன்னபடி, சிந்திய இடத்தில் ஒரு போத்தல் கிருமிநாசினியை ஊற்றி, துடைத்து, பிறகுதான் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தாள். இன்ஸ்பெக்டர், கொன்ஸ்தாபிள்கள், ஒரு பாவமும் அறியாத டினேஸ் ஆகிய நால்வருக்கும் இருபத்தொரு நாள் தனிமைப்படுத்தல் கிடைத்தது.

"அந்த மாதிரியைச் சோதிச்சுப் பாருங்கோவன். ஒண்டுமில்லையெண்டால் என்னை விடலாம் தானே?" என்று இன்ஸ்பெக்டர் கெஞ்சினார்.

"எந்த மாதிரியை?" என்று கேட்டார் சுகாதாரப் பரிசோதகர்.

விதிமுறைப்படி நடந்த றொசாந்தியை மட்டும் எல்லோரும் பாராட்டினார்கள். பாவம், பயந்துபோயிருப்பாள் என்று ஆய்வுகூடம் ஒரு கிழமை லீவும் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோபிசங்கரின் லொறி வழமையைவிட அதிகமான குலைகளோடு சோதனைச் சாவடிக்கு வந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக வந்த சார்ஜன்டுக்குக் கடும் தடிமன். மூக்கைத் துடைத்தபடியே கையைக் காட்டிப் போகச் சொன்னார்.

ஆனையிறவு தாண்டியதும் கோபிசங்கர் வாய்விட்டுச் சிரித்தான். "நான் ரெலிபோனிலை சொன்னதை மனிசன் அப்பிடியே நம்பிட்டுது. குலையளுக்குக் கீழை கிடக்கிறதை இனிக் கொழும்பிலைதான் மணந்து பாப்பினம்."

பக்கத்தில் இருந்த அவன் மனைவி றொசாந்தி, நோய் தீர்க்கும் என்று ஊரே நம்புகிற கீரிமலைக் கேணித் தண்ணீரில், குழாய்க்குள் ஊற்றியது போக மிஞ்சியதை எடுத்து, வெக்கைக்கு முகம் கழுவினாள்.