ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை

"டொக்டர், இவள் என்ர மருமகள் கஜந்தி. கலியாணம் முடிச்சு நாலு வருசம். வீட்டில இவளின்ர படம் ஒண்டாவது பார்க்கிற மாதிரி இருக்கோ எண்டு கேளுங்கோ!"

பாக்கியம் மாமியின் குரலுக்குப் பல் கிளினிக்கில் நின்ற இரண்டு தாதிமாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கஜந்தி குனிந்துகொண்டாள். வலது கை தானாக எழும்பி வாயைப் பொத்தியது. முன்பல் இரண்டும் மிதப்பு, உதட்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயருக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்றவள். அன்றைக்கு ஏறின கை இன்னும் இறங்கவில்லை.

"கப்பல்துறையில இருந்து முதல் பஸ்ஸில வந்தனாங்கள். இண்டைக்கு ஒரு முடிவு காணாமப் போகமாட்டன்," என்றாள் மாமி.

மாமியின் மடியில் இருந்த பேத்தி கீர்த்தனிக்கு இரண்டரை வயது. சுவரில் தொங்கிய பெரிய பல்லின் படத்தைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே குட்டிக் கையால் வாயைப் பொத்தியது.

"ஐயோ, வெக்கத்தைப் பார்!" என்றாள் ஒரு தாதி.

மாமி அதை ரசிக்கவில்லை. பிள்ளையின் கையை வெடுக்கென்று இழுத்துக் கீழே விட்டாள்.

டொக்டர் நுஸ்ரத் கஜந்தியின் வாயை நன்றாகப் பார்த்தாள்.

"தங்கச்சி, கடிக்க, சப்ப, கதைக்க ஒரு குறையும் இல்லை. வடிவுக்காக எண்டால் நாலு நல்ல பல்லைக் கழட்டி, ரெண்டு வருசம் கம்பி போடவேணும். உங்களுக்கு விருப்பமோ?"

"மாமிக்கு விருப்பமெண்டால்..."

"வாய் உன்ரயோ, என்ரயோ?" மாமி சீறினாள்.

போதும், மாமியின் விருப்பம் விளங்கிவிட்டது. நாலு பல்லையும் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று கஜந்தி நினைத்துக்கொண்டாள்.

"அவசரப்படாதேங்கோ. முதல்ல ரெண்டு படம் எடுப்பம்," என்றாள் டொக்டர்.

முதல் படத்துக்குக் கஜந்தி உதட்டை இறுக்கி மூடினாள். வழக்கமாகப் படத்துக்கு நிற்பது அப்படித்தான். மிதந்த பல்லை மூட உதடு பட்ட பாட்டில் மோவாய் சுருங்கியது.

"இப்ப சிரியுங்கோ."

எங்கே சிரிப்பு வருகிறது?

மேசையில் கிடந்த பல் பார்க்கும் கண்ணாடியைக் கீர்த்தனி மெல்ல எடுத்தது. மாமியின் மூக்குக்குக் கீழே பிடித்து எட்டிப் பார்த்தது.

"அப்பம்மா, உள்ளுக்குக் காடு!"

கஜந்தி வெடித்துச் சிரித்துவிட்டாள். உடனே கை எழும்பியது. ஆனால் அதற்குள் மாமி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து அமத்திக்கொண்டாள்.

"எடுங்கோ டொக்டர், எடுங்கோ!"

கமரா மின்னியது.

கஜந்திக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க இந்த மனுசிக்கு என்ன ஆசை?

டொக்டர் அதைக் கவனித்தாள். "தங்கச்சி, நாங்கள் பல்லுப் படிச்ச ஆக்கள். எந்த முகத்தைப் பார்த்தாலும் பிழைதான் முதல்ல கண்ணில குத்தும். சனத்தின்ர கண் வேற. கேட்டுப் பார்ப்பமோ? மூக்குக்குக் கீழதான் காட்டுவன். ஆள் ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாது."

கஜந்தி தலையாட்டினாள்.

எழுத்துத் தெரியாதவர்களும் புள்ளி போட டொக்டர் ஒரு வழி வைத்திருந்தாள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. பிடித்த வாயின்மேல் வைக்க வேண்டும். பக்கத்து அறையில் காது காட்ட வந்திருந்த ஆறு பேருக்கு முன்னால், மூக்குக்குக் கீழே மட்டும் அச்செடுத்த நாலு படம் பரப்பப்பட்டது. இரண்டு, வேறு பெண்களின் வரிசையான பற்கள். மற்ற இரண்டும் கஜந்தி.

கஜந்தி திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றாள். ஒரு கொட்டையும் விழாவிட்டால் மாமி இன்றைக்கே பல்லைக் கழட்டச் சொல்லிவிடுவாள்.

"இந்த மூடின வாய் ஆருக்கோ ஏச நிக்குது. எனக்கு வேணாம்!" ஊருக்கு மீன் கொண்டுவரும் யாவாரி முனீப் காக்காவின் குரல் அது.

"இது பல்லு நேர்தான். ஆனா கடையில வைச்ச பொம்மை மாதிரிக் கிடக்கு," என்றாள் ஒரு மனுசி.

"இஞ்ச பாருங்கோ, இந்தச் சிரிப்பை!"

"பல்லு கொஞ்சம் முன்னுக்கு எல்லோ?"

"இருந்திட்டுப் போகட்டுமே! இந்த வாயைக் கண்டா உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணி கேட்டுக் குடிக்கலாம் போல கிடக்கு."

டக், டக் என்று கொட்டைகள் விழுந்தன.

டொக்டர் வந்து கஜந்தியின் இரண்டு கைகளிலும் கொட்டைகளைக் கொட்டினாள். "மூடின வாய்க்கு ஒண்டும் இல்லை. நேர்ப்பல்லு ரெண்டுக்கும் சேர்த்து ஏழு. இந்தப் பதினொண்டும் நீங்கள் சிரிச்சதுக்கு."

கஜந்தி சிரித்தாள். கை நிறையக் கொட்டை. பொத்த வழியில்லை. பொத்த வேண்டும் என்று நினைவும் வரவில்லை.

"டொக்டர், எனக்குக் கம்பி வேண்டாம்!"

அந்தக் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். தாயைப் பார்த்த கீர்த்தனியும் வாய் திறந்து சிரித்தது.

டொக்டர் மாமியிடம் திரும்பினாள். "என்னம்மா, மருமகளின்ர பல்லை நேராக்க வந்த நீங்கள் ஏமாந்து போனியள் போல?"

"பல்லைப் பற்றி நான் எப்ப ஒரு சொல்லுச் சொன்னனான்?" மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீ வடிவெண்டு மாமி சொன்னா நக்கலெண்டுதான் இவள் நினைப்பாள். இப்ப தாயைப் பார்த்து என்ர பேத்தியும் வாயைப் பொத்திப் பழகுது, டொக்டர். ரெண்டு பேரின்ர கையையும் கீழ இறக்கத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."