நாலே முக்காலில் ஒரு கோடு

கோடு எழவே இல்லை. திரையின் இடது பக்கம் முழுக்கத் தட்டையாகக் கிடந்தது.

"இன்னொரு தடவ ஓட்டுங்க, சோணைமுத்து" என்றான் பெனோ.

"மூணு தடவ ஓட்டியாச்சு சார். அங்குட்டு ஒண்ணும் இல்ல, பொட்டக்காடு. இதுக்கு மேல காந்தத்துக்கிட்ட நான் என்ன, கெஞ்சவா?"

காரைக்குடியின் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். காந்தக் கருவியைப் பத்து வருடமாக இயக்குகிறவர் சோணைமுத்து. பெனோ ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியன். இதுவரை மாணவர்கள் தயாரித்த சேர்மங்களைத்தான் அவரிடம் கொண்டுவந்திருக்கிறான். இன்று கொண்டுவந்தது மனைவி ஜெசியின் மருந்து பாட்டிலில் மிச்சமிருந்தது. நேற்றுதான் அவளுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது.

தலைக்குள் கட்டி. வலிப்பு வராமலிருக்க அந்த மருந்து, ஒரு நாளும் தவறக் கூடாது என்றார் டாக்டர். தவறவில்லை. அப்படியும் ஒரு காலை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலை ஆட்டோ தொடுவதற்குள் போய்விட்டாள்.

மூலக்கூறில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனும், தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து, அந்தக் காந்தத்துக்குள் தனக்கென்று ஓர் எண்ணில் பதில் சொல்லும். அந்த மருந்தில் பென்சீன் வளையம் உண்டு. அது ஏழு என்ற எண்ணைத் தாண்டிக் கோடு காட்டியிருக்க வேண்டும். ஏழில் ஒன்றுமில்லை. நாலே முக்காலில் மட்டும் ஒரே ஒரு கோடு, ஒற்றைப் பனை மாதிரி நின்றது. அது தண்ணீர்.

"பச்சத் தண்ணி சார்" என்றார் சோணைமுத்து. "ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. போலி மருந்து செய்றவன்கூட வாய்க்கு ஒப்பச் சீனியப் போடுவான். சீனி மூணரைக்குப் பக்கத்துல கூட்டமா வந்து நிக்கணும். அதையும் காணோம்."

"அம்புட்டுத் துணிச்சல் அந்த மருந்துக்கடைக்காரனுக்கு" என்றான் பெனோ.

"அதே கடையில புதுசா ஒரு பாட்டில் வாங்கியாங்க. ரெண்டையும் வச்சுப் பாத்துருவோம்."

"இப்பப் போனா நல்ல மருந்தத்தான் எடுத்துக் குடுப்பான்."

சோணைமுத்து அந்தக் கோட்டைத் தாளில் அச்செடுத்து நீட்டினார்.

செக்காலை ரோட்டில் அந்த மருந்தை விற்ற குமரப்பனின் கடையைத் தாண்டும்போது பெனோ வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கை நீண்டுவிடும். அடக்கத்தன்று முதல் ஆளாக மாலையோடு வந்து நின்ற மனிதன். அந்த மாலையை வாங்கி ஜெசியின் காலடியில் வைத்தது பெனோவின் கைதான்.

மருந்து தொடங்கிய புதிதில், அவன் கல்லூரியிலிருந்து வரும் நேரமெல்லாம் ஜெசி அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். கடைசி மூன்று வாரம் தெளிந்துவிட்டாள். வாசலைப் பார்க்க உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாருக்கு இப்பத்தான் வீடு தெரிஞ்சுச்சோ" என்று வம்புக்கு இழுப்பாள். உடம்பு தேறுகிறது என்று நம்பினான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, அன்றைய அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். அளவு ஒரு நாளும் தப்பியதில்லை. வெறும் தண்ணீரை அளந்து அளந்து நிம்மதிப்பட்டிருக்கிறான்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைந்தான். மாமியார் சகாயம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்த, குமரப்பன் கடை பில்லெல்லாம் எங்குட்டு இருக்கு?"

"எதுக்கு மாப்பிள்ள? மூஞ்சியெல்லாம் ஏன் இப்பிடி இருக்கு?"

"மருந்து ஆய்வாளர்ட்ட எழுதிக் குடுக்கப்போறேன். அவன் குடுத்தது மருந்தே இல்ல, தண்ணி. அவன உள்ள தள்ளுறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. இல்லைன்னா நான் எதுக்கு அத்த இன்னும் இருக்கேன்?"

தாளை அவள் முன் நீட்டினான். சகாயம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அந்த ஒற்றைக் கோட்டையே வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணின்னு இந்தத் தாளு சொல்லுதா?"

"ஆமா."

"எந்தத் தண்ணின்னு சொல்லுமா?"

"எல்லாத் தண்ணியும் அதுக்கு ஒண்ணுதான். ஏன்?"

"அந்த மனுசன விட்டுருங்க மாப்பிள்ள. அவுக குடுத்தது நல்ல மருந்துதான். கொட்டிட்டுத் தண்ணி ஊத்துனது நானு. மாதா கோயில் தீர்த்தம்."

மதியம் ஒரு மூடி மருந்தைத் தவறாமல் கொடுக்கச் சொல்லி, மாமியாரின் இந்தக் கையை நம்பித்தான் பெனோ தினமும் கல்லூரிக்குப் போனான்.

"பெத்த பிள்ளைக்கு மருந்தக் கொட்டிப்புட்டுத் தீர்த்தத்தக் குடுத்தீகளா? அப்ப அவளக் கொன்னது நீங்கதானா?"

சகாயம்மாள் தாளை நான்காக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"அவதான் கொட்டச் சொன்னா. நீங்க வர்ற நேரத்துக்கு முழிச்சிருக்கணும்னு."