கறுப்புக் கோடு

“வேலியப் பிடுங்கச் சொல்லுங்க மேடம்! ஊர்ப் பாதையத் திருடி வச்சிருக்கு இந்தம்மா!”

சாம்ராஜ் போட்ட சத்தத்தில், அளக்க வந்த சர்வேயர் வள்ளிமயிலே மிரண்டுபோனாள். கடம்பூர் பக்கத்து அந்தக் கரிசல்காட்டில் பாதி ஊர் கூடிவிட்டது. போன சித்திரையில் புது வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து அவன் குரலும் மாடியேறிவிட்டது.

வேலிக்கு அந்தப்பக்கம் தௌலத் பேகம் தலைகுனிந்து நின்றாள். ஐப்பசி மழையில், என்றைக்கும் இல்லாதபடி தண்ணீர் புகுந்து, அவள் வீட்டுச் சுவர் பாதி கரைந்துபோனது. ஆடு இரண்டும் போயின. “பள்ளத்துல வீட்டக் கட்டிட்டு அழுதா எப்படி?” என்று அப்போது சிரித்தவனும் சாம்ராஜ்தான்.

இப்போது அவன் பருத்தியை ஏற்றிப்போக அவள் நிலத்தின் வழியே பாதை வேண்டும். அதற்காகக் கோவில்பட்டிக்கு அலைந்து, வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு வந்திருந்தான்.

“இந்தா பாருங்க, கறுப்புக் கோடு. வண்டிப்பாதை! இவிய காட்டுக்குள்ள போயி நேரா கண்மாய்ல இறங்குது. கோட்ட மறிச்சு எது நின்னாலும் இடிச்சுத் தள்ளணும், ஆமா!”

“எது நின்னாலுமா அண்ணாச்சி?” என்றாள் வள்ளிமயில்.

“எது நின்னாலும்! யாரு மூஞ்சியையும் பாக்காதீங்க.”

வள்ளிமயில் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். “பாதை எதுக்கு அண்ணாச்சி கண்மாய்த் தண்ணிக்குள்ள இறங்குது?”

சாம்ராஜ் எட்டி வரைபடத்தைப் பார்த்தான்.

“இது பாதை இல்ல, ஓடை. எந்நாளும் தண்ணி ஓடுனா நீலத்துல போடுவாங்க. மழைக்கு மட்டும் ஓடுனா கறுப்பு. நம்ம பக்கம் எல்லா ஓடையும் கறுப்புத்தான்.” அவள் விரல் கோட்டைப் பிடித்து மேலே நகர்ந்தது. “கீழ பாத்தீங்க சரி, மேல பாத்தீங்களா?”

விரல் போய் நின்ற இடத்தில் இப்போது ஓடை இல்லை. லோடு லோடாக மண்ணடித்து மேடாக்கி, சாம்ராஜ் கட்டிய மாடிவீடு இருந்தது.

கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. வழியில்லாமல் திரும்பிய ஓடைத் தண்ணீர் கரைத்த அந்தச் சுவரைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து தௌலத் பேகம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“அவிய வீட்ட இடிச்சிராதீங்கம்மா. தண்ணிக்கு மட்டும் வழி விடச் சொல்லுங்க.”